வளரும் சிறு தொழிற்சாலையின் பணத்தேவை: கணக்குப் போடுவதிலிருந்து கடன் எடுப்பது வரை முழுமையான வழிகாட்டி

கோயம்புத்தூர்ப் பகுதியில் காஸ்டிங் (வார்ப்புப் பாகம்) வாங்கி, மெஷினிங் செய்து, பம்ப் நிறுவனங்களுக்கு உதிரிபாகமாகக் கொடுக்கும் ஒரு பிரைவேட் லிமிடெட் நிறுவனத்தை எடுத்துக்கொள்வோம். அதன் மாத விற்பனை வரி நீங்கலாக 50 லட்சம் ரூபாய். புதிய வாடிக்கையாளர் ஒருவர் சேர்ந்ததால் ஆறு மாதத்தில் அது 80 லட்சமாகப் போகிறது. இத்தகைய நிறுவனங்களின் கணக்கறைகளில் நான் பார்த்தவரை, ஆர்டர் உறுதியானதும் பெரும்பாலோர் செய்யும் முதல் வேலை வங்கி மேலாளரைச் சந்திப்பதுதான். எவ்வளவு வேண்டும், எத்தனை நாளுக்கு வேண்டும், எந்தப் பணத்திலிருந்து திரும்பும் என்று அவர் கேட்கும்போது கையில் விடை இருப்பதில்லை. அதனால் தேவையைவிடக் குறைவாகவோ, தவறான வகையிலோ கடன் வாங்கிக்கொண்டு திரும்புகிறார்கள். இந்த வழிகாட்டியில் வங்கி ஆறாவது படியில்தான் வருகிறது. கீழே உள்ள எண்கள் எடுத்துக்காட்டுக்கானவை. அவற்றின் இடத்தில் உங்கள் எண்களைப் போட்டுப் பார்க்கவும்.

1. தொடங்கும் முன் மேசைமேல் இருக்க வேண்டியவை

கடந்த இரண்டு ஆண்டுகளின் தணிக்கை செய்யப்பட்ட இருப்புநிலைக் குறிப்பு, பன்னிரண்டு மாத வங்கிக் கணக்கு அறிக்கைகள், ஜி.எஸ்.டி. ரிட்டர்ன்கள், ஒவ்வொரு கடனுக்கும் நிலுவை, வட்டி விகிதம், தவணைத் தேதி அடங்கிய பட்டியல், வரவேண்டிய பாக்கியும் கொடுக்க வேண்டிய பாக்கியும் வயதுவாரியாகப் பிரித்த இரு பட்டியல்கள் ஆகியவை தேவை. கொடுக்க வேண்டியவர்களின் பட்டியலில் யார் யார் உத்யம் பதிவு (குறு, சிறு, நடுத்தர நிறுவனங்களுக்கான அரசுப் பதிவு) வைத்திருக்கிறார்கள் என்பதையும் குறித்துக்கொள்ளவும். அது நான்காவது படியில் பயன்படும்.

இங்கே இரண்டு பிழைகள் வழக்கமாக நேர்கின்றன. ஒன்று, சரக்கிருப்பை எண்ணிப் பார்க்காமல் டேலி கணக்கு மென்பொருள் காட்டும் மதிப்பை அப்படியே எடுப்பது. ரிஜெக்ட் ஆகித் திரும்பி வந்து மூலையில் துருப்பிடித்துக் கிடக்கும் பாகங்களும் அந்த மதிப்புக்குள் இருக்கும். மற்றொன்று, வாடிக்கையாளர் கொடுத்த முன்பணத்தையும் போட வேண்டிய கிரெடிட் நோட்டுகளையும் கழிக்காமல் பாக்கியைக் கூட்டுவது. இந்தப் பட்டியல்கள் தவறாக இருந்தால் அடுத்து வரும் எல்லாக் கணக்கும் தவறாகிவிடும் என்பதால், இதற்கு மட்டும் ஒரு முழு வாரம் ஒதுக்குவது வீணல்ல.

2. பணம் எங்கே, எத்தனை நாள் நிற்கிறது என்று கணக்கிடுதல்

காஸ்டிங்குக்குப் பணம் கொடுத்த நாளிலிருந்து, அது பாகமாகி, விற்று, பணமாகத் திரும்பும் நாள் வரை உள்ள இடைவெளிதான் உங்கள் உண்மையான தேவையைத் தீர்மானிக்கிறது. எடுத்துக்காட்டு நிறுவனத்தின் மாதக் கொள்முதல் 30 லட்சம் என்றும், கூலி, மின்சாரம், வாடகை எல்லாம் சேர்ந்த மொத்தச் செலவு 45 லட்சம் என்றும் கொள்வோம்.

மூலப்பொருள் 30 நாள் இருப்பு: 30 லட்சம். வேலையில் உள்ளதும் முடிந்த சரக்கும் சேர்ந்து 20 நாள்: ஏறத்தாழ 30 லட்சம். வாடிக்கையாளர் பாக்கி 75 நாள்: 18 சதவீத ஜி.எஸ்.டி. சேர்த்து மாத பில் 59 லட்சம் என்பதால் 147.5 லட்சம். இவற்றின் கூட்டுத்தொகை 207.5 லட்சம். சப்ளையர்களுக்கு 40 நாளில் பணம் கொடுப்பதால் அவர்களிடம் நிற்கும் கடன் 47.2 லட்சம். அதைக் கழித்தால் 160.3 லட்சம் ரூபாய் எப்போதும் சுழற்சியில் மாட்டிக்கொண்டிருக்கிறது.

பாக்கியை வரியோடு சேர்த்துக் கணக்கிடுவதற்குக் காரணம் உண்டு. ஆண்டு விற்றுமுதல் 5 கோடியைத் தாண்டியவர்கள் ஒவ்வொரு மாத விற்பனைக்கும் உள்ள ஜி.எஸ்.டி.யை அடுத்த மாதம் 20ஆம் தேதிக்குள் கட்டியாக வேண்டும். வாடிக்கையாளர் பணம் கொடுத்தாரா என்று வரித்துறை பார்ப்பதில்லை.

இப்போது விற்பனையை 80 லட்சமாக்கிப் பாருங்கள். நாட்கள் மாறாவிட்டால் தேவை 256.5 லட்சமாகும், அதாவது கூடுதலாக 96 லட்சம். விற்பனையில் பத்து சதவீதம் லாபம் என்று வைத்தாலும், வளர்ச்சி நடக்கும் அந்த ஆறு மாதத்தில் வரிக்கு முந்தைய லாபம் 39 லட்சம் அளவில்தான் வரும். லாபத்தில் ஓடும் நிறுவனம் சம்பள வாரத்தில் திணறுவது ஏன் என்பதற்கு இந்த ஒரு கழித்தலே விடை. ஆர்டரை ஒப்புக்கொள்ளும் முன்பே இதைப் போட்டுப் பார்ப்பவர்கள் மிகச் சிலர்.

3. பதின்மூன்று வாரப் பணவரவு அட்டவணை

மேலே கண்டது மொத்தத் தேவை. அது எந்த வாரத்தில் உச்சத்தைத் தொடும் என்பதை வார அட்டவணைதான் காட்டும். மாத அட்டவணை போதாது. 25ஆம் தேதி 40 லட்சம் வரப்போகிறது என்பது 7ஆம் தேதிச் சம்பளத்துக்கு உதவாது. மாதக் கணக்கிலோ இரண்டும் சமமாகித் துண்டு விழுவது மறைந்துவிடும்.

முதல் வரியில் கையிருப்போடு, சி.சி. கணக்கில் (கேஷ் கிரெடிட்: வங்கி அனுமதித்த வரம்புக்குள் வேண்டும்போது எடுத்து, பணம் வரும்போது கட்டும் கடன் கணக்கு) இன்னும் எடுக்கக்கூடிய தொகையையும் சேர்த்து எழுதவும். செலவுப் பக்கத்தில் முதலில் தேதி மாறாதவற்றைப் போடவும்: 7ஆம் தேதி டி.டி.எஸ்., 15ஆம் தேதி பி.எஃப்., இ.எஸ்.ஐ., 20ஆம் தேதி ஜி.எஸ்.டி., மாதக் கடைசியில் சி.சி. வட்டி, கடன் தவணை, சனிக்கிழமைதோறும் வாரக்கூலி. ஜூன், செப்டம்பர், டிசம்பர், மார்ச் 15ஆம் தேதிகளில் வரும் முன்கூட்டிய வருமான வரியைப் புதியவர்களில் பெரும்பாலோர் மறந்துவிடுகிறார்கள்.

வரவுப் பக்கத்தில் ஒப்பந்தத் தேதியை எழுதாதீர்கள். அந்த வாடிக்கையாளரின் பழக்கத்தை எழுதுங்கள். 60 நாள் தவணை என்று பர்சேஸ் ஆர்டரில் இருக்கும். அவர்கள் அந்த நாட்களை உங்கள் பில் தேதியிலிருந்து எண்ணாமல், தங்கள் ஸ்டோரில் ஜி.ஆர்.என். (சரக்கு வந்து சேர்ந்ததற்கான பதிவு) போட்ட தேதியிலிருந்து எண்ணுவார்கள். பணத்தையும் 10, 25 ஆகிய இரு தேதிகளில் மட்டுமே விடுவார்கள். இப்படித்தான் 60 நாள் 75 நாளாகிறது. கடந்த ஆறு பில்களுக்கு உண்மையில் எத்தனை நாளானது என்று பார்த்து, அதன் சராசரியை எடுக்கவும். வர வேண்டிய மூலதன மானியத்தை அட்டவணையில் சேர்க்கவே வேண்டாம். வந்தால் நல்லது, வரும் தேதி உங்கள் கையில் இல்லை.

திங்கட்கிழமை காலையில் சென்ற வாரம் எழுதியதையும் நடந்ததையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, வேறுபாட்டுக்கு ஒரு வரிக் காரணம் எழுதவும். நான்கு வாரம் இதைச் செய்தால் எந்த வாடிக்கையாளரின் வாக்குக்கு எத்தனை நாள் சேர்க்க வேண்டும் என்பது தெரிந்துவிடும்.

4. கடன் கேட்கும் முன், உள்ளே தேங்கிய பணத்தை எடுத்தல்

80 லட்சம் விற்பனையில் வரியோடு சேர்ந்த மாத பில் 94.4 லட்சம். அப்படியானால் வசூலில் தாமதமாகும் ஒவ்வொரு நாளும் 3.15 லட்சம் ரூபாயை நிறுத்திவைக்கிறது. பத்து நாளைக் குறைத்தால் 31 லட்சம் வெளியே வரும். அதற்கு வட்டியும் இல்லை, ஈடும் இல்லை. ஆகவே இந்தப் படியைத் தாண்டிக் கடனுக்குப் போகக் கூடாது.

பாக்கி நிற்பதற்கு வாடிக்கையாளரின் மனம் மட்டுமே காரணம் என்று நினைக்க வேண்டாம். ஒரு தொழிற்சாலையில் 11 லட்ச ரூபாய் பில் ஒன்று 23 நாள் நகராமல் கிடந்தது. விசாரித்தபோது, பர்சேஸ் ஆர்டர் திருத்தப்பட்டு விலை மாறியிருக்க, நம் பில்லில் பழைய விலையே இருந்தது தெரியவந்தது. அவர்களுடைய கணினி அதை ஏற்கவில்லை. அதை நமக்குச் சொல்ல வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. சரக்கு போன மூன்றாம் நாள் ஜி.ஆர்.என். ஆனதா, பத்தாம் நாள் பில் பாஸ் ஆனதா என்று கேட்கும் பொறுப்பைக் கணக்கறையில் ஒருவரிடம் கொடுத்துவிட்டால் இத்தகைய முடிச்சுகள் தவணை தொடங்கும் முன்பே அவிழும்.

குறு, சிறு நிறுவனமாக உத்யம் பதிவு உள்ளவர்களுக்கு 2006ஆம் ஆண்டின் எம்.எஸ்.எம்.இ. மேம்பாட்டுச் சட்டம் 45 நாள் உச்சவரம்பு தருகிறது. எழுத்துப்பூர்வ ஒப்பந்தம் இல்லாவிட்டால் 15 நாள். தாமதத்துக்கு ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு கூட்டு வட்டி உண்டு. போதாக்குறைக்கு, 2024 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த வருமான வரி விதியின்படி, இந்த வரம்பைத் தாண்டிப் பாக்கி வைத்தால், பணம் கொடுத்த ஆண்டில்தான் வாங்குபவர் அதைச் செலவாகக் காட்ட முடியும். முக்கிய வாடிக்கையாளர்மேல் புகார் கொடுக்க யாருக்கும் மனம் வராது, எனக்கும் வராது. ஆனால் பில்லில் உத்யம் எண்ணை அச்சிடுவதும், பிப்ரவரி இறுதியில் பாக்கிப் பட்டியலை இந்த விதியை நினைவூட்டி அனுப்புவதும் சண்டை ஆகாது. மார்ச்சில் அதன் பலனைப் பார்த்திருக்கிறேன்.

அதே விதி உங்களையும் கட்டும். ஜாப் ஒர்க் செய்து கொடுக்கும் லேத் பட்டறைக்காரர் உத்யம் பதிவு பெற்றவராக இருந்தால், அவருக்கு 70 நாள் கழித்துக் கொடுப்பது இலவசக் கடன் அல்ல.

பெரிய வாடிக்கையாளர்களின் பாக்கிக்கு டிரெட்ஸ் தளங்கள் (பில்களை வங்கிகளுக்கு விற்கும் இணையத் தளங்கள்) நல்ல வழி. ஆர்.எக்ஸ்.ஐ.எல்., எம்1எக்ஸ்சேஞ்ச், இன்வாய்ஸ்மார்ட் போன்றவை ரிசர்வ் வங்கியின் அனுமதியோடு இயங்குகின்றன. வாங்குபவர் பில்லை ஒப்புக்கொண்டதும் வங்கிகள் அதை ஏலத்தில் எடுத்துப் பணம் தருகின்றன. பின்னர் வாங்குபவர் கட்டத் தவறினாலும் உங்களிடம் திருப்பிக் கேட்க முடியாது. 250 கோடிக்கு மேல் விற்றுமுதல் உள்ள நிறுவனங்கள் இவற்றில் சேர வேண்டும் என்று மத்திய அரசு 2024 நவம்பரில் அறிவித்தது. இப்படி விற்ற பில்லைச் சி.சி. கணக்கின் பாக்கிப் பட்டியலிலிருந்து நீக்க மறக்கக் கூடாது. மறந்தால், ஒரே பில்லுக்கு இரண்டு இடத்தில் பணம் வாங்கியதாக அது எழுதப்பட்டுவிடும்.

சீக்கிரம் பணம் தரும் வாடிக்கையாளருக்கு 2 சதவீதத் தள்ளுபடி கொடுக்கலாமா என்பது அடிக்கடி எழும் கேள்வி. 30 நாள் முன்னதாக வரும் பணத்துக்கு 2 சதவீதம் என்றால் ஆண்டுக்கு 24 சதவீதம் வட்டிக்குச் சமம். சி.சி. வரம்பில் இடம் இருக்கும்போது இதைக் கொடுக்காதீர்கள். உங்கள் சப்ளையர் இதே தள்ளுபடியைத் தந்தால், சி.சி.யில் எடுத்தாவது வாங்கிக்கொள்ளுங்கள்.

5. தேவையைப் பிரித்தல்: எதற்கு எந்தக் கடன்

எந்தச் சொத்து எத்தனை காலத்தில் பணமாகத் திரும்புகிறதோ, அத்தனை கால அளவுள்ள கடனால்தான் அதை வாங்க வேண்டும். இயந்திரம் ஐந்தாறு ஆண்டில் தன் விலையை மீட்கும். அதற்கு டேர்ம் லோன், அதாவது பல ஆண்டுத் தவணைக் கடன். சரக்கும் பாக்கியும் மூன்று மாதத்தில் திரும்பும், அதற்குச் சி.சி. திடீரென்று வந்த ஒரே ஒரு பெரிய ஆர்டருக்கு அந்த ஆர்டரோடு முடியும் குறுகிய காலக் கடன். தொடர்ந்து இருந்துகொண்டே இருக்கும் அடிப்படைத் தேவையின் ஒரு பகுதி உங்கள் சொந்த மூலதனமாக இருக்க வேண்டும்.

இதை மீறிய ஒரு முடிவுக்கு நானே தலையாட்டியிருக்கிறேன். சி.சி.யில் 28 லட்சம் இடம் இருந்தது. வி.எம்.சி. இயந்திரத்துக்கு 18 லட்சம் முன்பணத்தை அதிலிருந்து கொடுத்துவிட்டு, டேர்ம் லோன் வந்ததும் திரும்பப் போட்டுவிடலாம் என்று பேசிக்கொண்டோம். வங்கியோ அந்த 18 லட்சத்தை உரிமையாளரின் பங்காக எடுத்துக்கொண்டு, மீதி விலைக்கு மட்டும் கடன் அனுமதித்தது. சி.சி.க்குத் திரும்ப வேண்டிய பணம் வரவேயில்லை. மூன்றாவது சனிக்கிழமை வாரக்கூலிக்கு உரிமையாளர் வீட்டு நகை அடகுக்குப் போனது. டேர்ம் லோன் அனுமதிக் கடிதம் கைக்கு வரும் முன் இயந்திர வியாபாரிக்கு முன்பணம் கொடுக்கக் கூடாது என்பதை அன்றிலிருந்து நான் விதியாக வைத்திருக்கிறேன்.

6. வங்கியிடம் கேட்கும் தொகையும் கோப்பும்

சிறு தொழில்களுக்கு 5 கோடி வரையிலான நடைமுறை மூலதன வரம்பை வங்கிகள் பெரும்பாலும், ரிசர்வ் வங்கி அமைத்த நாயக் குழு பரிந்துரைத்த முறையில் மதிப்பிடுகின்றன. எதிர்பார்க்கும் ஆண்டு விற்றுமுதலில் 25 சதவீதம் தேவை; அதில் 20 சதவீதம் வங்கியுடையது, 5 சதவீதம் உரிமையாளருடையது. நம் நிறுவனத்துக்கு 9.6 கோடி விற்றுமுதல் என்றால் வங்கியின் பங்கு 1.92 கோடி. இரண்டாவது படியில் கண்ட தேவை 2.565 கோடி. மீதி 64.5 லட்சத்தை நிறுவனமே தாங்க வேண்டும் என்பது இப்போதே தெரிகிறது. இந்த முறை மூன்று மாதச் சுழற்சியை அடிப்படையாகக் கொண்டது. உங்கள் சுழற்சி அதைவிட நீளம் என்று கணக்கோடு காட்டினால் கூடுதல் வரம்பு கேட்கலாம்.

கோப்பில் சி.எம்.ஏ. அறிக்கைதான் (கடந்த ஆண்டுகளின் எண்களையும் வரும் ஆண்டுகளின் மதிப்பீட்டையும் வங்கி கேட்கும் வடிவில் தருவது) உயிர். அதில் அடுத்த ஆண்டு விற்பனையை இரட்டிப்பாகக் காட்டினால் வரம்பு கூடும் என்று சிலர் நினைக்கிறார்கள். ஆர்டர் கடிதங்களும் ஜி.எஸ்.டி. ரிட்டர்னும் அந்த வளர்ச்சியைத் தாங்காவிட்டால் கோப்பு நின்றுவிடும். வழியில் தப்பிவிட்டாலும், அடுத்த ஆண்டு புதுப்பிக்கும்போது நீங்கள் எட்டாத இலக்கே உங்களுக்கு எதிராகப் பேசும். நடப்புச் சொத்து, நடப்புக் கடனைப் போல் 1.33 மடங்காவது இருக்கிறதா என்று மேலாளர் பார்ப்பார். நீங்கள் முன்பே பார்த்துவிடுங்கள்.

ஈடு கொடுக்கச் சொத்து இல்லாதவர்கள் சி.ஜி.டி.எம்.எஸ்.இ. (குறு, சிறு தொழில் கடன்களுக்கு வங்கிக்கு உத்தரவாதம் தரும் நிதியம்) உத்தரவாதத்தின்கீழ் கேட்கலாம், 2025 ஏப்ரல் 1 முதல் அதன் உச்சவரம்பு 10 கோடி. அதற்கு ஆண்டுதோறும் கட்டணம் உண்டு என்பதால் வட்டியோடு அதையும் சேர்த்து ஒப்பிடவும். மாறும் வட்டியில் குறு, சிறு நிறுவனங்களுக்கு வங்கிகள் தரும் புதிய கடன்கள் 2019 அக்டோபர் முதல் ரெப்போ (ரிசர்வ் வங்கி வங்கிகளுக்குக் கடன் தரும் விகிதம்) போன்ற வெளி விகிதம் ஒன்றோடு இணைக்கப்பட்டுள்ளன. ஆகவே பேரம் பேச வேண்டியது அதன் மேல் வங்கி வைக்கும் கூடுதல் சதவீதத்தில்தான்.

அட்டவணை காட்டும் உச்ச வாரத்துக்கு நான்கு மாதம் முன்பே கோப்பைக் கொடுங்கள். சொத்து மதிப்பீடு, வழக்கறிஞர் கருத்து, மண்டல அலுவலகத்தின் கேள்விகள் என்று நாட்கள் ஓடும். அனுமதி வந்து ஆவணம் கையெழுத்தான பின், கம்பெனிப் பதிவாளரிடம் அடமானத்தை 30 நாளுக்குள் பதிவு செய்ய வேண்டும். தாமதித்தால் கூடுதல் கட்டணம்.

7. அனுமதித்த வரம்பு வேறு, எடுக்கக்கூடிய தொகை வேறு

புதியவர்கள் அதிகம் தடுமாறும் இடம் இது. 1.92 கோடி அனுமதியானதும் அத்தனையும் தம் பணம் என்று திட்டம் போட்டுவிடுகிறார்கள். சரக்கு, பாக்கி விவரம் காட்டி மாதந்தோறும் கொடுக்கும் ஸ்டாக் ஸ்டேட்மென்டிலிருந்து வங்கி கணக்கிடும் டிராயிங் பவர்தான் அந்த மாதம் எடுக்கக்கூடிய தொகை.

80 லட்ச விற்பனையில் சரக்கு 96 லட்சம். அதில் இன்னும் பணம் கொடுக்காத சப்ளையர் பாக்கி 75.5 லட்சத்தைக் கழித்தால், பணம் கொடுத்த சரக்கு 20.5 லட்சம். 25 சதவீத மார்ஜின் (வங்கி கடன் தராமல் உங்கள் பங்காக விடும் பகுதி) போக 15.4 லட்சம். வாடிக்கையாளர் பாக்கி 236 லட்சத்தில் 90 நாளைத் தாண்டியது 36 லட்சம் என்றால் அது கணக்கில் வராது. மீதி 200 லட்சத்தில் 25 சதவீத மார்ஜின் போக 150 லட்சம். மொத்தம் 165.4 லட்சம்; அனுமதித்த வரம்பைவிட 26.6 லட்சம் குறைவு. பாக்கிக்கு 40 சதவீத மார்ஜின் வைக்கும் வங்கியானால் இது இன்னும் 30 லட்சம் குறையும். மார்ஜின் எவ்வளவு, எத்தனை நாள் பாக்கி வரை ஏற்கப்படும் என்ற இரண்டையும் அனுமதிக் கடிதத்தில் கையெழுத்திடும் முன் படித்துப் பேசுவது, வட்டியில் கால் சதவீதம் குறைக்கப் போராடுவதைவிடப் பயன் தரும்.

டிராயிங் பவரைக் கூட்ட இல்லாத சரக்கை எழுதுவோர் உண்டு. ஸ்டாக் ஆடிட் வரும் நாளில் கிடங்கு காலியாக இருக்கும். அதன்பின் அந்த வங்கியில் உங்கள் சொல் எடுபடாது.

8. கணக்கைச் சுத்தமாக வைத்தல்

சி.சி. நிலுவை வரம்பையோ டிராயிங் பவரையோ தாண்டி 30 நாளுக்கு மேல் தொடர்ந்தால் எஸ்.எம்.ஏ.-1 (கடன் கெடும் அறிகுறி என்று வங்கி குறிக்கும் எச்சரிக்கை நிலை), 60 நாளுக்கு மேல் எஸ்.எம்.ஏ.-2, 90 நாளைத் தாண்டினால் வாராக்கடன். மூன்று மாதத்துக்கும் பழைய ஸ்டாக் ஸ்டேட்மென்டை வைத்து எடுத்த பணமும் ஒழுங்கற்றதாகவே எண்ணப்படும். பணம் இருந்தும், காகிதம் போகாத ஒரே காரணத்தால் கணக்குக் கெட்டுப்போவது இப்படித்தான்.

விற்பனைப் பணத்தை வேறொரு வங்கிக் கணக்கில் வாங்கும் பழக்கத்தையும் விடவும். சி.சி. கணக்கில் வரவு குறைந்தால், வட்டிக்கே வரவு போதவில்லை என்ற நிலை வந்துவிடும்.

9. சொந்த மூலதனமும் பங்கு மூலதனமும்

ஆறாவது படியில் கண்ட 64.5 லட்சத்தோடு, ஏழாவது படியில் குறைந்த 26.6 லட்சத்தையும் சேர்த்தால் 91 லட்சம். இது எங்கிருந்து வரும் என்பதை எழுதிவைக்க வேண்டும். லாபத்தை வெளியே எடுக்காமல் விடுவது முதல் வழி. இயக்குநர் தரும் கடன் அடுத்தது. அது தாம் கடன் வாங்கிய பணம் அல்ல என்று அவர் எழுதித் தர வேண்டும். இயக்குநரின் உறவினரிடமும் இவ்வாறு வாங்கலாம். நண்பர்களிடமும் பக்கத்துக் கடைக்காரரிடமும் கம்பெனி பெயரில் கடன் வாங்குவது கம்பெனிகள் சட்டப்படி டெபாசிட் ஆகிவிடும். இதைத் தெரியாமல் செய்தவர்கள் பலர். யாரிடம் வாங்கினாலும் 20,000 ரூபாயும் அதற்கு மேலும் ரொக்கமாக வாங்கக் கூடாது.

வெளியாருக்குப் பங்கு கொடுப்பது, லாபத்தாலும் கடனாலும் எட்ட முடியாத வளர்ச்சிக்கு மட்டும் ஏற்றது என்பது என் கருத்து. 75 நாள் பாக்கியை 60 ஆக்கினாலே 47 லட்சம் வரும் இடத்தில், கம்பெனியின் ஒரு பகுதியை விற்பது விலை அதிகமான வழி.

10. பணம் போதாத வாரம் வந்தால்

அட்டவணை நன்றாக இருந்தாலும் ஒரு பெரிய வாடிக்கையாளர் இரண்டு வாரம் தள்ளினால் அந்த வாரம் வந்தே தீரும். அப்போது கொடுக்க வேண்டிய வரிசை இது: முதலில் கூலி, அடுத்து, தொழிலாளர் சம்பளத்தில் பிடித்த பி.எஃப். பங்கு (இதைக் கட்டாமல் வைத்திருப்பதைச் சட்டம் நம்பிக்கை மோசடியாகவே பார்க்கிறது). பிறகு கடன் தவணையும் வட்டியும். அதன்பின், நிறுத்தினால் உற்பத்தி நின்றுவிடும் சப்ளையர்கள். ஜி.எஸ்.டி.யைத் தள்ளினால் ஆண்டுக்கு 18 சதவீத வட்டி. ரிட்டர்னே போகாமல் விட்டால் வாடிக்கையாளருக்கு வரிக் கிரெடிட் சிக்கலாகி, அவர் உங்கள் அடுத்த பில்லையும் நிறுத்துவார்.

வங்கி மேலாளரிடம் தவணைத் தேதிக்குப் பத்து நாள் முன்பே, அட்டவணையின் பிரதியோடு, எந்த வாடிக்கையாளரின் பணம் எந்தத் தேதியில் வரும் என்று குறிப்பிட்டுத் தற்காலிகக் கூடுதல் வரம்பு கேட்கவும். சப்ளையருக்கும் அதே நாளில் நீங்களே தொலைபேசியில் பேசி, பாதித் தொகையையும் மீதிக்கு ஒரு தேதியையும் கொடுங்கள். அந்தத் தேதியை உடனே அட்டவணையில் எழுதிவிடுங்கள். திங்கட்கிழமை ஒப்பிடும்போது அதுவும் ஒரு வரியாக இருக்கும்.